ஓடும் காரிலிருந்து ஓடும் காரை எடுக்க: சோனி 24-105 எஃப்/4 ஜி லென்ஸ் தேறுமா?

சோனி எஃப்இ 24-105 மி.மீ. எஃப்/4 ஜி ஓஎஸ்எஸ் லென்ஸைப் பற்றிய மதிப்பீடுகள் கல்யாணம், பயணம், வீடியோ என்ற மூன்றைச் சுற்றியே வரும். இரண்டு குறைகளை எல்லோரும் தவறாமல் சொல்வார்கள். துளை எஃப்/4 வரைக்கும்தான் திறக்கும், பின்னணி அவ்வளவாகக் கரையாது. ஓரங்களில் சோனியின் உயர்ரக ஜிஎம் லென்ஸ்கள் அளவுக்குக் கூர்மை இல்லை. ஒரு காரில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் ஓடும் இன்னொரு காரை எடுப்பவருக்கு இவை இரண்டுமே ஒரு பொருட்டில்லை. இப்படி ஓடிக்கொண்டே எடுக்கும் ரோலிங் ஷாட்டில், பகல் நேரத்தில் எஃப்/4 பக்கம் போகவே மாட்டோம். படத்தின் ஓரங்கள் எப்படியும் வேகத்தில் இழுபட்டுத்தான் கிடக்கும். மற்றவர்கள் ஒரே வரியில் தாண்டிப் போகிற ஓஎஸ்எஸ் (நடுக்கம் குறைக்கும் வசதி) சுவிட்ச், நீளும் ஜூம் குழல், 77 மி.மீ. ஃபில்டர் ஆகியவைதான் இங்கே படம் தேறுமா தேறாதா என்று முடிவு செய்கின்றன. அதனால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் லென்ஸை எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலில் அடிப்படை விவரம். 2017இல் வந்த லென்ஸ். எடை 663 கிராம், ஃபில்டர் அளவு 77 மி.மீ., துளையை எஃப்/22 வரை சுருக்கலாம், 38 செ.மீ. நெருக்கத்தில் ஃபோகஸ் ஆகும். குழலில் ஃபோகஸைத் தானாகவோ கையாலோ செய்யத் தேர்வு செய்யும் ஏஎஃப்/எம்எஃப் சுவிட்ச், ஓஎஸ்எஸ் ஆன்/ஆஃப் சுவிட்ச், ஒரு ஃபோகஸ் ஹோல்டு பட்டன். ஓஎஸ்எஸ்ஸுக்கு மோட் 1, மோட் 2 என்ற பிரிவு கிடையாது. இது ஏன் முக்கியம் என்பது பிறகு.

ஜூம் எல்லையிலிருந்து தொடங்குவோம். 4.5 மீட்டர் நீள செடான் ஒன்று படத்தின் அகலத்தில் ஐந்தில் நான்கு பங்கை அடைக்க வேண்டும் என்று வையுங்கள். அதை நேர் பக்கவாட்டில் எடுக்க 24 மி.மீ.க்கு 3.75 மீட்டர் தூரம் வேண்டும். 35 மி.மீ.க்கு ஐந்தரை மீட்டர், 50க்கு எட்டு, 70க்கு பதினொன்று, 105க்கு பதினாறு மீட்டருக்கும் மேல். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். இரண்டு கார்கள் அடுத்தடுத்த லேனில் நடுவாக ஓடினால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இரண்டு மீட்டர்கூட இல்லை. எனவே பக்கத்து லேனிலிருந்து முழுக் காரையும் பக்கவாட்டில் எடுப்பது 24 மி.மீ.யாலும் முடியாது. 16 மி.மீ. மாட்டினால் கார் படத்துக்குள் வந்துவிடும். ஆனால் நமக்குக் கிட்டே இருக்கும் கதவு உப்பி, இரண்டு சக்கரங்களும் வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். கார் வைத்திருப்பவர் யாரும் அதை ஃபிரேம் போட்டு மாட்ட மாட்டார். முழுப் பக்கவாட்டுப் படம் வேண்டுமென்றால் மூன்று லேன் சாலையில் நடு லேனை விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். அப்போது இடைவெளி ஐந்து மீட்டரைத் தாண்டும், 35 மி.மீ. சரியாகப் பொருந்தும்.

இரண்டு லேன்தான் இருக்கிறதென்றால் கோணத்தை மாற்றுங்கள். கேமரா கார் ஆறு முதல் பத்து மீட்டர் முன்னே போய், பின்னால் வரும் காரின் முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும்படி எடுப்பதுதான் ரோலிங் ஷாட்டின் அடிப்படைப் படம். இதை ஃப்ரன்ட் த்ரீ-குவார்ட்டர் என்பார்கள். இதற்கு 35 முதல் 70 வரை போதும். நேர் பின்னால் வரும் காரை எடுக்கும்போது 85, 105 கைகொடுக்கும். கார் சாலையோடு ஒட்டி, கனமாகத் தெரியும். இந்த மூன்று நிலைகளுக்கும் நடுவே ஒரே ஓட்டத்தில் மாற வேண்டியிருக்கும். ஓடும் வண்டியில் ஜன்னலோரத்தில் லென்ஸ் மாற்றுவது தூசியை சென்சாருக்கு அழைத்து உட்கார வைக்கிற வேலை. 24-105இன் முதல் பெரிய நியாயம் இதுதான். ஒருமுறை மாட்டினால் கழற்ற வேண்டிய தேவையே வராது.

அடுத்து ஷட்டர். புதிதாக வருபவர்கள் இங்கேதான் தப்பாக யோசிக்கிறார்கள். வேகம் தெரிய வேண்டுமென்றால் வேகமாக ஓட்ட வேண்டும் என்று நினைத்து எண்பது, நூறு என்று போகிறார்கள். தேவையே இல்லை. 205/55 ஆர்16 டயரின் சுற்றளவு ஏறக்குறைய இரண்டு மீட்டர். மணிக்கு 40 கி.மீ. என்றால் நொடிக்கு 11 மீட்டர், சக்கரம் நொடிக்கு ஐந்தரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றுகிறது. 1/60 நொடியில் அது 33 டிகிரி திரும்பிவிடும். 1/30இல் 67 டிகிரி. ஐந்து ஸ்போக் அலாயில் ஸ்போக்குகளுக்கு நடுவே 72 டிகிரி இடைவெளி என்பதால், 1/30இல் சக்கரம் கிட்டத்தட்ட முழு வட்டமாகக் கரைகிறது. 1/60இல் சுற்றுவதும் தெரியும், அலாயின் வடிவமும் மிஞ்சும். 1/250 வைத்தால் எட்டு டிகிரிதான் திரும்பும். சாலை நடுவே நிறுத்தி வைத்த கார் போலத் தெரியும், அதற்கு இத்தனை பாடு எதற்கு? 40 முதல் 50 கி.மீ. வேகம், 1/60 ஷட்டர். இதிலிருந்து ஆரம்பியுங்கள். நாலு நல்ல படம் கையில் வந்த பிறகு 1/40, 1/30 என்று இறங்கலாம்.

பின்னணி இழுபடுவது வேகத்தை மட்டும் பொறுத்ததில்லை, தூரத்தைப் பொறுத்தது. 40 கி.மீ. வேகத்தில் 1/60 நொடிக்குள் வண்டி 18.5 செ.மீ. நகர்கிறது. 50 மி.மீ.யில், எட்டு மீட்டர் தள்ளியிருக்கும் மீடியன் அரளிச் செடி 24 மெகாபிக்சல் சென்சாரில் இருநூறு பிக்சலை ஒட்டி இழுபடும். ஐந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் மலை மூன்று பிக்சல்தான் நகரும், அதாவது அசையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடல் தெரியும் பக்கமாகப் பார்த்து எடுத்த படங்களில் பலவும் செத்துப்போய் இருப்பதற்குக் காரணம் இதுதான். கடலும் வானமும் அப்படியே நிற்கும், தார்ச்சாலை மட்டும் கொஞ்சம் கோடாகும். சவுக்குத் தோப்பு, காம்பவுண்டு சுவர், புளியமர வரிசை, மீடியன் செடி போலக் கிட்டே இருப்பவற்றைப் பின்னணியாகத் தேடுங்கள். கார் இடது லேனிலும் கேமரா வலது லேனிலும் இருந்தால் சாலையோர மரங்கள் கிடைக்கும், கூடவே டீக்கடையும் விளம்பரப் பலகையும் வரும். கார் வலது லேனிலும் கேமரா இடது லேனிலும் இருந்தால் மீடியன் செடி மட்டும், படம் சுத்தமாக வரும். இன்னொரு வழி, 24 மி.மீ.க்குப் போய்க் கேமராவைத் தாழ்வாகப் பிடித்துச் சாலையையே முன்னணியாக வைப்பது. மூன்று மீட்டரில் இருக்கும் தார் அந்த அகலத்திலும் இருநூற்றைம்பது பிக்சல் வரை இழுபடும்.

இப்போது ஓஎஸ்எஸ். லென்ஸுக்குள் இருக்கும் இந்த வசதி கேமரா சாய்வதையும் திரும்புவதையும், அதாவது கோண அசைவை, உணர்ந்து அதற்கு எதிராகக் கண்ணாடியை நகர்த்துகிறது. சாலையின் ஒட்டுப் போட்ட இடங்களில் கை நடுங்குவதையும் வண்டி முன்பின்னாக ஆடுவதையும் இது நன்றாகவே தாங்குகிறது. சோனி ஏ7 III போல உள்ளேயே ஸ்டெடிஷாட் (கேமராவின் சொந்த நடுக்கம் குறைப்பு) இருக்கும் கேமராவில் மாட்டினால் வேலை பங்கிடப்படும். மேல்-கீழ், இட-வலத் திருப்பத்தை லென்ஸ் கவனிக்கும். உருளலையும் பக்க நகர்வையும் கேமரா கவனிக்கும். நேர்ச்சாலையில் 1/60க்கு இந்தக் கூட்டணி மிகவும் கைகொடுக்கிறது. ஓஎஸ்எஸ் இல்லாத லென்ஸோடு ஒப்பிட்டால் 70 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

ஆனால் இரண்டு இடங்களில் இது காலை வாரும். ஒன்று வளைவு. இரண்டு கார்களும் ஒரே வளைவில் சேர்ந்து திரும்பும்போது, கேமராவைப் பொறுத்தவரை எதிரே இருக்கும் கார் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. ஆனால் உலகத்தைப் பொறுத்தவரை கேமரா திரும்பிக்கொண்டிருக்கிறது. ஓஎஸ்எஸ்ஸுக்குத் தெரிவது இந்த இரண்டாவது திரும்பல் மட்டும்தான், அதைத் தடுக்கவே அது முயலும். 150 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கி.மீ. வேகத்தில் போனால், 1/60 நொடிக்குள் 50 மி.மீ.யில் பத்து பிக்சல் அளவுக்குத் திரும்பல் நடக்கிறது. இதை ஓஎஸ்எஸ் எவ்வளவு ஈடுசெய்கிறதோ அவ்வளவும் காரின் மேல் மங்கலாக விழும். பேனிங்குக்கென்று, அதாவது ஓடும் பொருளோடு கேமராவையும் திருப்பி எடுப்பதற்கென்று, மோட் 2 போலத் தனி மோட் இருந்தால் திரும்பும் திசையை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அடக்கும். இந்த லென்ஸில் அந்தத் தேர்வு நம் கையில் இல்லை. சுவிட்சை அணைக்கலாம், ஆனால் அணைத்தால் கேமராவுக்குள் இருக்கும் ஸ்டெடிஷாட்டும் கூடவே அணையும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியாது. வளைவில் எடுக்கும்போது ஓஎஸ்எஸ்ஸை அணைத்து, ஷட்டரை 1/100க்கு ஏற்றி, 35 மி.மீ.யைத் தாண்டாமல் இருப்பதுதான் நடைமுறை வழி. இது இந்த லென்ஸின் உண்மையான குறை. எஃப்/4 குறையே இல்லை.

இரண்டாவது, வேக வித்தியாசம். எந்த ஸ்டெபிலைசரும் இதைச் சரிசெய்யாது. இரண்டு கார்களுக்கும் நடுவே மணிக்கு ஒரே ஒரு கிலோமீட்டர் வித்தியாசம் இருந்தால் 1/60 நொடியில் 4.6 மி.மீ. நகர்வு. ஐந்து மீட்டர் தூரத்தில், 50 மி.மீ.யில், ஏழெட்டு பிக்சல் மங்கல். ஸ்பீடோமீட்டர் இரண்டிலும் 40 என்று காட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த முள்ளின் நுணுக்கம் இதற்குப் போதாது. எதிரே இருக்கும் காரின் ஹெட்லைட்டையோ நம்பர் பிளேட்டையோ ஏஎஃப் கட்டத்துக்குள் வைத்துக்கொண்டு கையால் கூடவே திரும்பினால்தான் பாதி மங்கல் போகும். மீதிக்கு பர்ஸ்ட், அதாவது பட்டனை அழுத்திப் பிடித்துத் தொடர்ந்து எடுப்பது, இருக்கிறது. ஏ7 III மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 10 படம் எடுக்கும். ஒரு கார் மெல்ல முந்தி, பிறகு மெல்லப் பின்தங்கும்போது, நடுவில் வித்தியாசம் பூஜ்யமாகும் ஒரு கணம் வரும். அந்தக் கணத்தைச் சேர்த்து ஒன்று, ஒன்றரை நொடி பர்ஸ்ட் விடுங்கள். ஓயாமல் அழுத்திக்கொண்டே போனால் கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபர் நிரம்பி, அந்தக் கணத்தில்தான் கேமரா நிற்கும்.

ஓட்டுநர்களுக்குள் வேலைப் பிரிவினை முன்பே பேசி முடிக்க வேண்டியது. படத்தில் வரப்போகும் கார் ஒரே வேகத்தில் நேராக ஓட வேண்டும், அதன் ஓட்டுநர் கேமராவைப் பார்க்கவே கூடாது. முன்னே பின்னே போவது, நெருங்குவது, விலகுவது எல்லாம் கேமரா காரின் பொறுப்பு. கேமரா கார் முன்னே இருக்கும்போது அதன் ஓட்டுநர் எக்காரணம் கொண்டும் திடீரென்று பிரேக்கைத் தொடக் கூடாது. 40 கி.மீ. வேகத்தில், சுதாரிக்க ஒரு நொடி ஆனால் அதற்குள் 11 மீட்டர் போய்விடும், பின்னால் எட்டு மீட்டரில் வரும் காருக்கு அந்த இடமே இல்லை. போன் ஸ்பீக்கரில் இரண்டு வண்டியிலும் முன்சீட்டில் ஒருவர் பேசிக்கொள்ளட்டும், ஓட்டுகிறவர்களும் படமெடுப்பவரும் போனைத் தொட வேண்டாம்.

ஃபில்டர் விஷயத்துக்கு வருவோம். வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16க்கு 1/100 என்பது பழைய கணக்கு. 1/60 வேண்டுமென்றால் எஃப்/20 ஆகிவிடும். அந்தத் துளையில் ஒளி விளிம்பில் சிதறி, படம் முழுக்க ஒரு மென்மை படரும். சென்சாரில் இருக்கும் ஒவ்வொரு தூசியும் வானத்தில் கரும்புள்ளியாக உட்கார்ந்துகொள்ளும். ஒளியைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டரான என்டி8 மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) குறைக்கும், எஃப்/7.1க்கு வந்துவிடலாம். இந்த லென்ஸ் எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை மிகச் சீராக இருக்கிறது, எஃப்/4இல் மூலைகளில் தெரியும் இருட்டும் அதற்குள் போய்விடும். வளையத்தைத் திருப்பி அடர்த்தியை மாற்றும் வேரியபிள் என்டி வேண்டாம். 24 மி.மீ.யில் வானத்தில் குறுக்குச் சிலுவை போல இருட்டு விழும் அபாயம் எப்போதும் உண்டு.

என்டிக்குப் பதிலாக எதிரொளியை அடக்கும் போலரைசர் ஃபில்டர் போடுவது இன்னும் நல்லது என்பது என் தீர்ப்பு. ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை ஒளியைக் குறைக்கும், கூடவே விண்ட்ஷீல்டில் விழும் வானத்தையும் பானெட்டின் வெள்ளைப் பளபளப்பையும் தணிக்கும். உள்ளே ஓட்டுபவர் முகம் தெரிய ஆரம்பித்ததும் படத்துக்கு உயிர் வந்துவிடும். கோணத்தைப் பொறுத்துப் பலன் மாறும். கண்ணாடியின் பரப்போடு ஏறக்குறைய 34 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் எதிரொளி நன்றாக அடங்கும், நேர் எதிரே நின்று பார்த்தால் ஒன்றும் ஆகாது. சிக்கல் என்னவென்றால், இந்த லென்ஸின் முன்னால் வெயில் மறைப்பாக வரும் ஹுட்டை மாட்டிவிட்டு ஃபில்டரின் வளையத்தை விரலால் சுழற்றுவது ஓடும் வண்டியில் சர்க்கஸ். ஹுட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காற்றும் அதில்தான் முதலில் பிடிக்கும், வெளியே நீட்டினால் கழன்று பறக்கவும் வாய்ப்புண்டு. எதிர்வெயிலைச் சமாளிக்க உள்ளே இருக்கும் நானோ ஏஆர் பூச்சு போதுமான அளவுக்கு உதவுகிறது.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. ஜன்னல் கண்ணாடியை ஏற்றி வைத்து அதன் வழியாகப் போலரைசரோடு எடுக்காதீர்கள். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் டஃபன் செய்தவை. சூடாக்கித் திடீரென்று குளிர வைத்ததால் உள்ளே நிற்கும் இறுக்கம், போலரைசர் வழியாக வானவில் திட்டுகளாகத் தெரியும். போலரைசர் இல்லாமலும் லாபமில்லை. மத்திய மோட்டார் வாகன விதி பக்கக் கண்ணாடிக்குக் கேட்பது 50 சதவீத ஒளி ஊடுருவல்தான், அதாவது ஒரு ஸ்டாப் வரை போகலாம், பச்சைச் சாயமும் ஏறும். கண்ணாடியை இறக்கித்தான் ஆக வேண்டும். வண்டி எடுக்கும் முன் பின் கதவுக் கண்ணாடி முழுக்க இறங்குகிறதா என்று பாருங்கள். பல கார்களில் பின்சக்கர வளைவு இடிப்பதால் பாதியோடு நின்றுவிடும், அப்புறம் கேமராவைத் தாழ்த்தவே முடியாது.

ஆட்டோஃபோகஸைப் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. ஏஎஃப்-சி (விடாமல் தொடரும் ஃபோகஸ்), சிறிய கட்டம், முகப்பின் ஹெட்லைட் மேல். தூரம் அதிகம் மாறாததால் மோட்டாருக்கு வேலையே குறைவு. 50 மி.மீ., எஃப்/8, ஐந்து மீட்டர் என்று வைத்தால் 3.4 மீட்டரிலிருந்து 9.6 மீட்டர் வரை கூர்மைக்குள் அடங்கும். முழுக் காரும் உள்ளே. எஃப்/2.8 லென்ஸுக்கு ஏன் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். சைலன்ட் ஷட்டர் என்னும் எலக்ட்ரானிக் ஷட்டரை மட்டும் அணைத்து வையுங்கள். சென்சாரை மெதுவாக வாசிக்கும் கேமராக்களில் மின்கம்பங்கள் சாய்ந்து, சக்கரங்கள் நெளிந்து வரும். இன்னொன்று, இன்றைய கார்களின் எல்இடி விளக்குகள் பலவும் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிபவை. 1/500 போன்ற ஷட்டரில் டிஆர்எல் என்னும் பகல் விளக்கு அணைந்தது போலப் பதிவாகலாம். 1/60இல் அந்தத் தொல்லை பொதுவாக வராது.

கையாளும் விதத்தில் இரண்டு குறைகள். ஜூம் செய்தால் குழல் வெளியே நீள்கிறது. 105இல் ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் காற்று முன்பகுதியைப் பிடித்து உலுக்கும். 60 கி.மீ.க்கு மேல் இது நன்றாகவே உணரக்கூடிய அளவு. லென்ஸ் வாய் கதவின் கோட்டுக்கு உள்ளேயே இருக்கும்படி பின்னால் தள்ளி உட்கார்ந்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். இரண்டாவது, கேமராவைக் கீழ்நோக்கிப் பிடிக்கும்போது, கொஞ்சம் உழைத்த லென்ஸ்களில் குழல் தானாக இறங்கும். குலுங்கும் வண்டியில் 50இல் வைத்தது 60க்குப் போயிருக்கும், காரின் பம்பர் படத்துக்கு வெளியே போன பிறகுதான் தெரியவரும். இடது கையின் ஒரு விரலை ஜூம் வளையத்தின் மேல் எப்போதும் வைத்திருங்கள். முழங்கையைக் கதவின் மேல் ஊன்ற வேண்டாம். வசதியாகத்தான் இருக்கும், ஆனால் இன்ஜின் அதிர்வு முழுக்க எலும்பு வழியாகக் கேமராவுக்கு ஏறும். கை அந்தரத்தில் இருக்கட்டும், உடம்புதான் ஸ்பிரிங். கழுத்துப் பட்டியோடு சேர்த்து ஒரு மணிக்கட்டுப் பட்டியும் கட்டாயம். 663 கிராம் லென்ஸும் கேமராவும் சேர்ந்து சாலையில் விழுந்தால் நஷ்டம் உங்களோடு முடியாது, பின்னால் பைக்கில் வருபவருக்கும் சேர்த்துத்தான்.

படமெடுப்பவர் எங்கே உட்கார வேண்டும் என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, வண்டியின் உடலுக்கு வெளியே யாரையும் ஏற்றிச் செல்லக் கூடாது என்கிறது. கூரை, பானெட், படிக்கட்டு எதுவும் ஆகாது. சன்ரூஃப் வழியாக எழுந்து நிற்பது, ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து உடம்பை வெளியே தொங்கவிடுவது, டிக்கியைத் திறந்து காலைத் தொங்கப்போட்டு எடுப்பது, இவையெல்லாம் வெளிநாட்டு வீடியோக்களில் மூடிய சாலையில் செய்வது. இங்கே பொதுச்சாலையில் அதைச் செய்தால் ஆபத்தும் உண்டு, வழக்கும் உண்டு. சீட் பெல்ட் இல்லாததற்கு 194பி பிரிவில் ஆயிரம் ரூபாய் அபராதம் தனி. 24-105இன் ஜூம் எல்லையே, பெல்ட் போட்டுக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தபடி மேலே சொன்ன கோணங்களைப் பெரும்பாலும் எடுத்துவிடப் போதும். பரபரப்பான சாலையில் இரண்டு காரும் பக்கம் பக்கமாக மெதுவாகப் போனால் பின்னால் வரிசை கட்டும், ஹார்ன் சத்தத்தில் ஓட்டுநர் பதறுவார். ஞாயிறு விடியலில், நீளமான நேர்ச்சாலையில், பத்துப் பதினைந்து விநாடி மட்டும் சேர்ந்து ஓடிப் பிரிந்துவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலை என்றால் சாலையை மறந்துவிட்டு டிராக் வாடகையைப் பேசுங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. டிராக் இருக்கிறது, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ. அங்கே வளைவுகள்தான் அதிகம் என்பதால் மேலே சொன்ன ஓஎஸ்எஸ் சங்கடம் முழு வடிவில் வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மாலை வெயிலில் எடுப்பவர்கள் மறந்துவிடும் ஒன்று நிழல். அஸ்தமனத்துக்குச் சுமார் நாற்பது நிமிடம் முன்பு சூரியன் பத்து டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது இன்னோவா உயர வண்டியின் நிழல் பத்து மீட்டர் நீளும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துப் பக்கத்து லேனில் ஓடினால் உங்கள் வண்டியின் நிழல் நேராக அந்தக் காரின் கதவில் படியும். நாலு மீட்டராவது முன்னே தள்ளிப் போய் த்ரீ-குவார்ட்டர் எடுங்கள், அல்லது கேமரா காராக ஒரு தாழ்ந்த செடானைப் பிடியுங்கள். வெள்ளை இன்னோவா கிடைப்பது சுலபம், சஸ்பென்ஷனும் மெத்தென்று இருக்கும். ஆனால் கறுப்புக் காரின் கதவில் அதன் பிரதிபலிப்பு அச்சுப் பிசகாமல் தெரியும், போலரைசராலும் முழுக்கப் போகாது. அடர் நிற வண்டி, உள்ளே அடர் நிறச் சட்டை. முடிந்தவரை இதுதான் நல்லது.

மாற்று என்ன? 20-70 எஃப்/4 ஜி 488 கிராம்தான், நடு லேனை விடாமலே கொஞ்சம் அகலம் கிடைக்கும். ஆனால் ஓஎஸ்எஸ் இல்லை, 70க்கு மேல் எட்டாது. கேமராவில் ஸ்டெடிஷாட் இருந்து, வளைவுகளில்தான் அதிக வேலை என்றால் அதையே முதலில் பார்க்கச் சொல்வேன். டாம்ரான் 28-75 எஃப்/2.8 ஜி2 540 கிராம், இதுவும் ஸ்டெபிலைசர் இல்லாதது. எஃப்/2.8 இந்த வேலைக்குப் பயனே இல்லாமல் பையில் உட்கார்ந்திருக்கும். 70-200 எஃப்/4 ஜி II லென்ஸில் பேனிங் மோட் இருக்கிறது, நேர் பின்னால் வரும் காரைப் பத்திரமான தூரத்திலிருந்து எடுக்க அருமையானது. பக்கத்து லேனுக்கு மட்டும் ஆகவே ஆகாது. ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சார் கேமரா வைத்திருப்பவர்கள் 24-105 பக்கம் போக வேண்டாம். அங்கே 24 என்பது 36க்குச் சமமாகிவிடும். 18-105 எஃப்/4 ஜி அவர்களுக்குச் சரி. 427 கிராம், ஜூம் செய்தாலும் குழல் நீளாது, காற்றுப் பிரச்சினையே குறைவு. ஃபுல்ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவோடு கூட வந்த 28-70 கிட் லென்ஸ் சும்மா கிடக்கிறதா? எஃப்/8இல் அதுவும் இந்த வேலையைத் தாங்கும், ஓஎஸ்எஸ்ஸும் உண்டு. ரோலிங் ஷாட் பிடிக்கிறதா என்று தெரியும் வரை பணத்தை எடுக்காதீர்கள். காரிலேயே கம்பு பொருத்தி, ஆளை வைத்துத் தள்ளி, இரண்டு மூன்று நொடி எக்ஸ்போஷர் கொடுத்து, கம்பைப் பிறகு போட்டோஷாப்பில் அழிக்கும் ரிக் முறைக்கும் இந்த லென்ஸ் தோதல்ல, அதற்கு 16-35தான்.

புதிதாக வாங்கினால் விலை லட்சத்தைச் சுற்றி நிற்கும். நீண்ட நாளாகச் சந்தையில் இருப்பதால் செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கிறது, நானாக இருந்தால் அங்கேதான் தேடுவேன். பார்க்க வேண்டியவை: 24இல் வைத்துக் கீழ்நோக்கிப் பிடித்து லேசாகக் குலுக்கினால் குழல் இறங்குகிறதா. 105க்கு நீட்டி முன்பகுதியை விரலால் அசைத்தால் ஆட்டம் அதிகமாக இருக்கிறதா. ஃபில்டர் வளையம் நெளிந்திருக்கிறதா, நெளிந்திருந்தால் போலரைசர் இறங்காது, இறங்கினால் கழலாது. கேமராவில் மாட்டி, 105இல், ஓஎஸ்எஸ் ஆன் செய்து, 1/15இல் பத்துப் படம் எடுங்கள். பிறகு அணைத்துவிட்டு இன்னொரு பத்து. இரண்டு வரிசைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையென்றால் அந்த லென்ஸை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.